சுவரில் காத்திருந்தவை

கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்.
10 பிப்ரவரி 2025

டாக்டர் ரஷீதா அவர்களுக்கு,

நான் நாய் வளர்த்தேன் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அது தவறு. நான் வளர்ப்பது ஒரு பசு. அதன் பெயர் மைதிலி. நாய் தானாக வந்தது. மைதிலியின் வயிற்றுச் சூட்டில் சுருண்டு படுத்துக்கொண்டது. சென்ற மார்கழியில் செத்துப்போகும்வரை அங்கேயே இருந்தது. நான் அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. பெயர் வைத்தால் அல்லவா வளர்ப்பது.

இன்னொன்றும் சொல்கிறார்கள். என் பசுவின் உண்ணி கடித்துத்தான் பின்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்ததாம். அது சரியா, தவறா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தவறு என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி எழும்பியது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வந்தபோது அங்கே வெறும் மனை. இப்போது மூன்று மாடி. கீழ்த்தளத்தில் ஹ்ருஷிகேஷ் என்று ஒரு பையன் குடும்பத்தோடு இருக்கிறான். பையன் என்றால் நாற்பது வயது. அவன் பெண் மேகனா இரண்டாம் வகுப்பு. சுவரில் ஒரு இடத்தில் செங்கல் விழுந்து ஜன்னல் போல் இருக்கும். அதன் வழியாகக் கையை நீட்டி மைதிலிக்கு வாழைப்பழத் தோல் கொடுப்பாள். தோலைக் கொடுத்துவிட்டுப் பழத்தைத் தான் தின்பாள் என்பதை மைதிலி இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

பொங்கல் கழிந்து அவளுக்குக் காய்ச்சல் கண்டது. உள்ளங்கை, உள்ளங்கால்வரை சிவப்புப் புள்ளிகள். காதுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பொருக்கு. ஆஸ்பத்திரி டாக்டர் அந்தப் பொருக்கைப் பார்த்ததுமே உண்ணிக்கடி என்றாராம். மாத்திரையில் காய்ச்சல் தணிந்துவிட்டது. ஆனால் குழந்தை பாதியாகிவிட்டாள்.

ஹ்ருஷிகேஷ் வந்தான். வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். "மாமி, தப்பா எடுத்துக்கப்படாது. மாட்டை வேற எங்கேயாவது அனுப்பிடுங்கோ. குடியிருப்புக் கமிட்டியிலேர்ந்து மாநகராட்சிக்கு மனு எழுதிண்டிருக்கா" என்றான். உள்ளே வா என்று நான் சொன்னதற்குத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பங்குனி முடியும்வரை தவணை கொடுத்திருக்கிறார்கள்.

திருவெள்ளறையில் என் கணவரின் பங்காளிகளுக்கு நிலமும் தொழுவமும் உண்டு. மைதிலியை அங்கே அனுப்பலாம். அனுப்பினால் இந்த வீட்டில் சத்தம் செய்வது கடிகாரம் மட்டும்தான். இதை நான் காரணமாக எழுதவில்லை. தகவலாக எழுதுகிறேன்.

நீங்கள் கால்நடைத் துறையில் உண்ணிகளைப் பற்றியே ஆராய்ந்து ஓய்வு பெற்றவர். பசுவின் உண்ணியால் அந்தக் காய்ச்சல் வருமா, வராதா என்று எழுத வேண்டுகிறேன். நமக்குள் பேச்சு இல்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. இது பேச்சு அல்ல, கடிதம்.

இப்படிக்கு,
செண்பகவல்லி அழகியமணவாளன்


மன்னார்புரம்,
திருச்சி.
15 பிப்ரவரி 2025

செண்பகம்,

"டாக்டர்", "அவர்கள்", "வேண்டுகிறேன்". கான்வென்டில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்காமலே என் கணக்கைத் திருத்தியவள் எழுதும் கடிதமா இது? தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையால எழுதியிருக்காங்க மேடம்" என்று ஏதோ தங்கக்காசு கொடுப்பதுபோல் கொடுத்தார். உன் கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது. ஒரு எழுத்துகூடக் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

நீ எழுதமாட்டாய், நான் எழுதுகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் மைதிலிக்குக் காய்ச்சல் என்று என்னைக் கூப்பிட்டாய். வந்தேன், ஊசி போட்டேன், பிழைத்துக்கொண்டது. அன்றைக்கு நீ மாட்டின் மேலிருந்து உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கொல்ல மனம் வராமல், கொல்லைச் சுவரின் செங்கல் இடுக்கில் விட்டுக்கொண்டிருந்தாய். அதைப் போய்ப் பழைய மாணவிகள் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும், "செண்பகம் உண்ணிகளுக்கு முதியோர் இல்லம் நடத்துறா" என்று சொல்லித் தொலைத்தேன். மேஜையே சிரித்தது. நீ எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டாய். உன் பாயசம் ஆடை படர்ந்து அப்படியே இருந்தது. நான் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் நீ இல்லாத இடத்தில் சொல்லியிருக்கலாம். அல்லது சொல்லாமலே இருந்திருக்கலாம். நான்கு வருஷமாக எதைச் சொல்லியிருக்கலாம் என்று யோசிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். பசுவால் வருமா என்று கேட்கிறாய். பார்க்காமல் பதில் சொல்லமாட்டேன், நீயும் அதை ஏற்கமாட்டாய். உன் கடிதத்தில் எனக்கு உறுத்துவது பசு அல்ல, நாய். அது எப்படிச் செத்தது? வயதாகியா, வண்டியில் அடிபட்டா, நோய் கண்டா? நோய் என்றால் என்ன பார்த்தாய் என்று எழுது.

மைதிலியின் மேல் இருப்பவற்றில் சில, சுவர் இடுக்கில் இருப்பவற்றில் சில, தனித்தனிப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி அதில் போட்டு அனுப்பு. வெறும் கையால் தொடாதே. உனக்கு மாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு சின்னையா உண்டே, அவரிடம் கொடுத்துவிடு. நானே வரலாம், ஆனால் முழங்கால் பஸ் படியை ஏற மறுக்கிறது. போனும் இருக்கிறது. நீ எடுக்கமாட்டாய்.

ரஷீதா


கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்.
20 பிப்ரவரி 2025

ரஷீதாவுக்கு,

இரண்டு புட்டிகள் சின்னையாவிடம் கொடுத்திருக்கிறேன். ஸ்பிரிட் ஊற்றவில்லை. மூடியில் துளையிட்டு, துணி கட்டி, ஒரு புல் வைத்திருக்கிறேன். உயிரோடு இருக்கின்றன. நீ என்ன செய்தாலும் அது உன் தொழில். என் வீட்டிலிருந்து அப்படிப் போகாது.

இதை நீ பக்தி என்று நினைக்கிறாய். பாதிதான் பக்தி. மைதிலியின் பால் காலையில் பெருமாளுக்கு அமுது செய்யப் போகிறது. அந்த மடியைத் தொடும் கையால் நசுக்கக்கூடாது என்பது இந்த வீட்டுக்கு நான் வந்த நாளிலிருந்து பார்த்த முறை. மீதிப் பாதி, அந்த வயிறு நிறைந்த உருண்டை உள்ளங்கையில் கால்களை மெல்ல அசைக்கும். அவ்வளவு மெல்ல அசைவதை என்னால் நசுக்க முடியவில்லை. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

மேலும், சுவரில் விட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு நான் உன்னைக் கேட்டேன். "ஒண்ணும் ஆகாது, செண்பகம். சித்திரை வெயிலு பாத்துக்கும்" என்று சொன்னது நீ. நான் அதை மறக்கவில்லை.

நாயைப் பற்றிக் கேட்டாய். மார்கழி நடுவில் அதன் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. ஈறு சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. கடைசி நாள் காலையில் பனி தொழுவத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. மைதிலி படுத்திருந்தாள், அவள் முன்காலில் தலையை வைத்துக்கொண்டு நாய். இரண்டும் ஒரே மூச்சாக விட்டுக்கொண்டிருந்தன. கோயிலிலிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் பால் கறந்து முடித்து நிமிர்ந்தபோது ஒரு மூச்சு மட்டும்தான் கேட்டது. சின்னையா அதைக் கொள்ளிடக்கரையில் புதைத்துவிட்டு வந்தார். மைதிலி அந்த இடத்தில் படுக்காமல் இன்னமும் தள்ளியே படுக்கிறாள்.

அதன் காது மடலெல்லாம் உண்ணிதான். நாயை நான் தொடமாட்டேன். ஆனால் சாமணத்தால் எடுத்துவிடுவேன். இல்லாவிட்டால் மைதிலியின் மேல் ஏறிவிடும் அல்லவா. அவற்றையும் சுவரில்தான் விட்டேன். அது அசையாமல் காதைக் காட்டும். எடுத்து முடித்ததும் நான் ஸ்நானம் செய்யப் போவேன், அது வாசல்வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பும்.

மதியத்தில் தொழுவத்தருகே நாற்காலி போட்டுக்கொள்கிறேன். அடுக்குமாடி வந்தபின் சுவரின் மேல் வெயில் விழுவதே இல்லை. பச்சையாகப் பாசி பிடித்து, தொட்டால் ஈரமாக இருக்கிறது. தையிலும் மழை பெய்தது. குளிர் என்று ஒன்று இந்த வருஷம் வந்து போனதா என்றே தெரியவில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி போல் காற்று முகத்தில் ஒட்டுகிறது. நேற்று அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். சுவர் மூச்சு விடுவதுபோல் கனவு. உள்ளே போய் வெளியே வரும் மூச்சு, மைதிலியினுடையது போலவே நிதானமாக. எனக்குப் பயமாக இல்லை. நானும் சேர்ந்து விட்டுக்கொண்டிருந்தேன். விழித்தபின்தான் பயம் வந்தது.

அந்தச் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

செண்பகவல்லி


மன்னார்புரம்.
5 மார்ச் 2025

செண்பகம்,

நோன்பு தொடங்கிவிட்டது. மதியத்துக்குமேல் என் கை கொஞ்சம் நடுங்கும். எழுத்து கோணினால் திருத்தாதே.

முதலில் உன் சின்னையா. பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "என்னண்ணே புட்டியில" என்று கேட்டதாம். "ஆமணக்கு விதைங்க" என்றாராம். "விதை நடக்குதே" என்று அந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டதாம். "அப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காலை நீட்டிக்கிட்டு வந்தேங்க" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

இனிச் சிரிப்பு இல்லை.

மைதிலி மேல் இருந்தவை மாட்டு உண்ணி. அது குஞ்சாக ஒரு மாட்டின் மேல் ஏறினால், வளர்ந்து வயிறு நிறையும்வரை அங்கேயே இருக்கும். இறங்கி ஆளைத் தேடிப் போகும் சுபாவம் அதற்கு இல்லை. மைதிலிக்குக் காய்ச்சல் கொடுத்தது அந்த இனம். குழந்தைக்கு அல்ல.

சுவரில் இருந்தவற்றில் பெரும்பாலானவை வேறு. பழுப்பாக, ஒடுங்கலாக இருப்பவை. நாய் உண்ணி. இதன் வாழ்க்கை மூன்று வீடு. குஞ்சாக ஒரு முறை குடித்துவிட்டு இறங்கும், சுவரில் ஏறும், தோலுரிக்கும். மறுபடி இறங்கி இன்னொரு உடம்பைத் தேடும். பெரிதானபின் மறுபடியும். இரண்டு இனத்திலும் வயிறு நிறைந்த பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். நீ உள்ளங்கையில் பார்த்த அந்த உருண்டைக்கு மிச்சமிருந்த வேலை அது ஒன்றுதான்.

நாய் இருந்தவரை அவற்றுக்கு மூன்று வேளையும் நாய். உன் நாய் (கோபித்துக்கொள், ஆனால் அது உன் நாய்தான்) செத்ததும் உண்ணிக் காய்ச்சலால்தான். மூக்கு ரத்தமும் வெளுத்த ஈறும் அதைத்தான் சொல்கின்றன. அது போனபின் சுவரில் இருந்தவற்றுக்கு உடம்பு இல்லை. பசியோடு மாதக்கணக்கில் இருக்கக்கூடியவை அவை. குளிர் வந்திருந்தால் ஒடுங்கியிருக்கும். வரவில்லை. வெப்பம் கூடக்கூட இந்த இனத்துக்கு மனிதரின் மேல் இருக்கும் தயக்கம் குறைகிறது என்று ஆராய்ச்சியில் பார்த்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு சின்னக் கை செங்கல் இடைவெளி வழியாக நீண்டிருக்கிறது, கையோடு தலையும் சாய்ந்து சுவரில் பட்டிருக்கிறது. எந்த உண்ணி கடித்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வேறெங்கும் தேடவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது நான் சொல்லவேண்டியது. வெயில் பார்த்துக்கொள்ளும் என்று சொன்னது நான்தான். அன்றைக்கு அந்தச் சுவர் மேற்கு வெயிலில் அடுப்பு மாதிரி கிடந்தது. எழுந்து வரும்போது கையை ஊன்றிச் சுட்டுக்கொண்டேன். அதை வைத்துத்தான் சொன்னேன். நிழல் வரும், தையில் மழை பெய்யும், மார்கழி சூடாக இருக்கும் என்று நினைக்கவில்லை. இந்த ஊர் வெயிலை யாராலும் மாற்ற முடியாது என்று நினைத்தேன். நீ அனுப்பிய சுவர் உண்ணிகளில் சில முட்டையிட்டதும் அவற்றை முட்டையோடு இரண்டு புட்டியாகப் பிரித்தேன். ஒன்றை மொட்டை மாடியில் வெயிலில் வைத்தேன். சுருங்கிப் பொடியாகிவிட்டது. இன்னொன்று குளியலறை ஜன்னல் நிழலில் இருக்கிறது. மினுமினுப்பாக, உப்பலாக இருக்கிறது.

செய்யவேண்டியது: மைதிலிக்கு நான் எழுதும் மருந்தைத் தடவு. சுவர் இடுக்குகளில் கேஸ் தீக்குழாய் வைத்துக் கொளுத்தவேண்டும். பிறகு சிமென்ட் அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கவேண்டும். மருந்தைத் தெளித்தால் மட்டும் போதாது, இடுக்கின் உள்ளே இருப்பவை தப்பிக்கும்.

இதோடு ஒரு சான்று இணைத்திருக்கிறேன். "மைதிலி என்ற பசுவின் மேல் இருக்கும் உண்ணி மனிதருக்கு இந்தக் காய்ச்சலைக் கொண்டுவரும் இனம் அல்ல, பசுவை அகற்றத் தேவை இல்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு எழுத்தும் உண்மை. சுவரைப் பற்றி எழுதவில்லை. அது அவர்களுக்கு வேண்டாம். இதைக் கமிட்டியில் கொடு, உன் மாடு உன்னோடு இருக்கும்.

ரஷீதா


கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்.
11 மார்ச் 2025

ரஷீதா,

சான்று கிடைத்தது. நன்றி. மருந்து தடவியாயிற்று. மைதிலி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சுவரைக் கொளுத்த முடியாது. நான் உயிரோடு அனுப்பியவற்றை நீ மாடியில் வெயிலில் வைத்தாய் என்று எழுதியிருக்கிறாய். உன் தொழில் என்று நானே சொன்னேன், அதனால் கேட்கவில்லை. ஆனால் என் வீட்டில் நான் நெருப்பு வைக்கமாட்டேன். அடைத்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறேன். உள்ளே இருப்பவை உள்ளே இருக்கட்டும். சுவரும் இடுக்கும் அவற்றின் இடம். நான் இல்லாத இடத்தில் அவை தாமாக என்ன ஆகுமோ ஆகட்டும்.

சான்றை இன்னும் கமிட்டியில் கொடுக்கவில்லை. ஹ்ருஷிகேஷ் பெங்களூர் போயிருக்கிறான். வந்ததும் கொடுப்பேன்.

நேற்று சாயங்காலம் மேகனா வந்தாள். காய்ச்சலுக்குப் பின் முதல் முறை. அந்த இடைவெளியில் முகம் மட்டும் தெரிந்தது, சட்டத்தில் மாட்டிய படம் போல். மைதிலி அவள் குரலைக் கேட்டு எழுந்து போனாள். நான், "அங்கே நிக்காதே, போ" என்று அதட்டினேன். அந்தக் குழந்தையை நான் அதட்டியது இல்லை. "ஏன் மாமி?" என்றாள். எனக்குப் பதில் தெரியும். சொல்லவில்லை. "போன்னா போகணும்" என்றேன். போய்விட்டாள். மைதிலி வெகுநேரம் அந்தச் சதுரமான வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உன் கை நடுக்கத்துக்கு யாரிடமாவது காட்டினாயா?

செண்பகவல்லி


மன்னார்புரம்.
19 மார்ச் 2025

செண்பகம்,

அடைத்துவிட்டால் தாமாக என்ன ஆகுமோ ஆகட்டும் என்கிறாய். அடைத்த சிமென்டில் ஒரு மயிரிழை விரிசல் போதும். வெளியே வரும். நீ இல்லாத இடத்தில் இல்லை, குழந்தை இருக்கும் இடத்தில். சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு.

நிழல் புட்டியில் குஞ்சு பொரித்துவிட்டது. நேற்று, நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது போய்ப் பார்த்தேன். புட்டிக்குள் புல் வைத்திருந்தாயே, அந்தப் புல்லின் நுனியில் எல்லாம் ஏறி நிற்கின்றன. எள்ளைவிடச் சிறியவை. ஒவ்வொன்றும் முன்னங்கால் இரண்டையும் காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மூக்கு அந்தக் காலில்தான் இருக்கிறது. யாரோ வருவார்கள் என்று நிற்கிறது. வாழ்நாள் முழுக்க நான் செய்த வேலை இது, ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் நேற்று வயிறு காலியாக, வெளியே வெயில் மஞ்சளாகி, கஞ்சி மணம் வீடு முழுக்கப் பரவியிருந்த நேரத்தில் முதல் முறை பார்ப்பதுபோல் இருந்தது.

துணி வழியாக மெல்ல ஒரு மூச்சு விட்டேன். புல் நுனியில் இருந்த அத்தனையும் என் பக்கம் திரும்பின. வயலில் காற்று வந்தால் நாற்று சாயுமே, அதுபோல. மூச்சை நிறுத்தினேன். நின்றன. விட்டேன். திரும்பின. செண்பகம், அவற்றிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உயிருள்ள ஏதோ ஒன்று பக்கத்தில் மூச்சு விடுகிறது, அவ்வளவுதான் அவற்றுக்குத் தெரியும். நாயின் மூச்சா, மேகனாவின் மூச்சா என்று அவை கேட்பதில்லை.

உன் கனவில் சுவர் மூச்சு விட்டது என்று எழுதினாய். சுவர் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்தது.

நான் கட்டாயப்படுத்தமாட்டேன். சான்று உன்னிடம் இருக்கிறது, மைதிலிக்கு அது போதும். மற்றதை நீ முடிவு செய்.

கை நடுக்கம் வயது. உன்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

ரஷீதா


கீழ அடையவளஞ்சான் வீதி,
ஸ்ரீரங்கம்.
27 மார்ச் 2025

அன்புள்ள ரஷீதா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இடுக்குக்கு அருகில் முகத்தை வைத்து ஒரு மூச்சு விட்டேன். என் கண் அவ்வளவு நல்ல கண் இல்லை. பாசிக்கு மேல் ஏதோ நகர்ந்ததா, நிழலா என்று சொல்லமுடியாது. ஆனால் பின்னால் நகர்ந்துகொண்டேன். அப்படி நகர்ந்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. என் முகத்தை விலக்கிக்கொண்ட இடத்தில் அந்தக் குழந்தையின் முகத்தை விட்டுவைக்க நினைத்திருக்கிறேன்.

சின்னையா பாத்திரம் பற்றவைக்கும் கடையிலிருந்து தீக்குழாய் வாங்கிவந்தார். மைதிலியை வாசல் பக்கம் கட்டினோம். "நீங்க உள்ள போங்கம்மா, நான் முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்" என்றார். நான் போகவில்லை. செய்யச் சொன்னவள் பார்க்காமல் இருப்பது சரியல்ல. நீல நெருப்பு ஒவ்வொரு இடுக்காக உள்ளே போய் வந்தது. பொரி பொரிவதுபோல் மெல்லிய சத்தம், நின்று நின்று கேட்டது. பாசி முதலில் கறுத்தது, பிறகு வெளுத்தது. சுவரிலிருந்து ஆவி எழுந்து மாடிப்படிகள்வரை போயிற்று. காலை வெளிச்சத்தில் அது கொள்ளிடத்துப் பனி போலவே இருந்தது. எல்லாம் முடிந்தபின் கையை வைத்துப் பார்த்தேன். பழைய மேற்கு வெயிலில் இருந்த சூடு இருந்தது.

அப்போது நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷமும் நான் ஒன்றையும் கொல்லவில்லை என்று இருந்தேன். எனக்காக வெயில் கொன்றுகொண்டிருந்தது. வெயில் போனதும் அந்த வேலை என்னிடம் திரும்பி வந்துவிட்டது.

நீ வெயிலைப் பற்றிச் சொன்னது அன்றைக்குச் சரி. சுவர் நிழலுக்குள் போனதைத் தினமும் பார்த்தவள் நான். பார்த்தும் அதே கையால் அதே இடத்தில் விட்டுக்கொண்டிருந்தேன். இதில் உன் பங்கு என்று நீ எடுத்துக்கொண்டதில் பாதியைத் திருப்பி அனுப்புகிறேன்.

மறுநாள் ஹ்ருஷிகேஷ் வீட்டுக்குப் போனேன். உன் சான்று கையில் இருந்தது. கொடுக்கவில்லை. உட்காரச் சொன்னான், உட்கார்ந்தேன். உண்ணிகளை எடுத்தது, சுவரில் விட்டது, நாய் போனபின் அவை பசித்துக் கிடந்தது, மேகனா கையை நீட்டியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நடுவில் அவன் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தான்.

"நீங்க சொல்லலேன்னா இது எனக்குத் தெரிஞ்சே இருந்திருக்காது, மாமி."

"அதனாலதான் சொல்றேன்."

"குழந்தை பத்து நாள் எழுந்திருக்கலை. ஒரு நாள் என்னையே யாருன்னு கேட்டா."

 சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று, அதை அவன் எதிர்பார்க்கவும் இல்லை என்று தோன்றியது. ஆனாலும் எழுந்து நின்று, என்னை மன்னித்துவிடு என்று சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளேயிருந்து மேகனா எட்டிப் பார்த்து, மைதிலி சாப்பிட்டாளா என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்றேன். 

கிளம்பும்போது அவன் வாசல்வரை வந்தான். "கமிட்டில இதைச் சொல்லியாகணும். என்ன முடிவு பண்ணுவாளோ, என் கையில இல்லை" என்றான். தெரியும் என்றேன். "எழுத்துல ஏதாவது இருந்தா நல்லது. வாயால சொன்னா ஆளுக்கொரு கதையா ஆயிடும்" என்றான். அதுவும் எனக்குத் தெரியும்.

ஆகவே உன் சான்றை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அதில் எழுதியிருப்பது உண்மை. எழுதாமல் விட்டதைச் சேர்த்தால்தான் அது என்னைப் பற்றிய உண்மை. பாதியைக் காட்டி மைதிலியை வைத்துக்கொண்டால், ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பாலைப் பெருமாள் முன் வைக்கும்போது எனக்குக் கை வராது.

அவர்கள் படித்துவிட்டு மாடு இருக்கட்டும் என்றால் இருக்கும். போகட்டும் என்றால் திருவெள்ளறைக்கு அனுப்புவேன். அங்கே நல்ல தொழுவம். சின்னையா கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். இரண்டில் எது என்றாலும் பங்குனி முடிவதற்குள் தெரிந்துவிடும்.

உன் பெருநாள் வரும் திங்கட்கிழமை என்று காலண்டரில் பார்த்தேன். வாழ்த்துகள். கஞ்சி குடித்தபின் எழுது, கை நடுங்காது.

சுவரில் விட்டது யார், எதனால் அவை பெருகின, எதனால் குழந்தையிடம் வந்தன, இனிச் சுவரின் அந்தப் பக்கம் அவள் விளையாடலாமா, கூடாதா என்பதையும் சேர்த்து, என் பெயரைப் போட்டு, சான்றைப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. போனில் சொல்லாதே. எழுத்தில் வேண்டும்.

செண்பகம்